சிமென்ட் வாசனை நிறைந்த அறை

முதுகெலும்பு முறிய மாடியிலிருந்து விழவேண்டும் என்பதில்லை. எழுபது வயதுப் பாட்டி குனிந்து அரிசி மூட்டையை ஓரமாக நகர்த்தினாலே போதும். பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினாலும் போதும். நடுமுதுகில் சுருக்கென்று ஒரு வலி; மூச்சைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் வாயுப்பிடிப்பு என்பார்கள், தைலம் தேய்ப்பார்கள், பக்கத்து வீட்டிலிருந்து மாத்திரை ஒன்று வரும். பலரது கதை அதோடு முடிந்துவிடுகிறது. இப்படி நசுங்கும் முள்ளெலும்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எந்த மருத்துவரின் கவனத்துக்கும் வருவதில்லை. சில ஆண்டுகள் கழித்து இருமலுக்காக எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தென்படும். அதற்குள் பாட்டியின் உயரம் நாலைந்து சென்டிமீட்டர் குறைந்து, பழைய புடவைகள் தரையில் புரளத் தொடங்கியிருக்கும்.

முள்ளெலும்பின் உடல் பகுதியை வெட்டிப் பார்த்தால் வெளியே மெல்லிய ஓடும், உள்ளே பஞ்சு போன்ற வலைப்பின்னலும் இருக்கும். அந்த வலையில் நெடுக்காகச் செல்லும் எலும்புத் தூண்கள் எடையைத் தாங்குகின்றன. குறுக்கே ஓடும் இழைகள் அந்தத் தூண்கள் வளையாமல் பிடித்துக்கொள்கின்றன. எலும்புப்புரை நோயில், அதாவது ஆஸ்டியோபொரோசிஸில், முதலில் அழிவது குறுக்கிழைகள்தான். கட்டடச் சாரத்தில் நெட்டுக் கம்புகளைத் தொடாமல் குறுக்குக் கம்புகளை மட்டும் அவிழ்த்துக்கொண்டே வந்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் நடக்கிறது. ஒருநாள் சாதாரண எடையே தாங்காமல் எலும்பின் முன்பக்கம் உள்வாங்கி, பக்கவாட்டில் பார்த்தால் ஆப்பு வடிவத்துக்கு வந்துவிடுகிறது. விலா எலும்புகளோடு இறுகிய மேல்முதுகும் தாராளமாக வளையும் இடுப்பும் சந்திக்கும் இடத்தில், மார்புப் பகுதியின் 12-ஆம் எலும்பிலும் இடுப்புப் பகுதியின் முதல் எலும்பிலும், இது அதிகம். உயரம் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் லேசான முறிவு, 25-ஐத் தாண்டினால் நடுத்தரம், 40-ஐத் தாண்டினால் கடுமை என்பது 1993-இல் ஹாரி ஜெனான்ட் வகுத்த அளவுகோல். மருத்துவர்கள் இன்றும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

கை முறிந்தால் மாவுக்கட்டு, தொடை முறிந்தால் அறுவை சிகிச்சை. நசுங்கிய முதுகெலும்புக்கு நெடுங்காலம் அப்படி ஒன்றும் கிடையாது. வலி மாத்திரை, கொஞ்சம் ஓய்வு, ஒரு பெல்ட். பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் எலும்பு தானாகக் கூடி, வலி படிப்படியாக அடங்கும். பெல்ட்டும் அப்படியொன்றும் பெரிய உதவி செய்வதாகத் தெரியவில்லை. தென்கொரியாவில் 60 நோயாளிகளைக் கெட்டிப் பெல்ட், மென்பெல்ட், பெல்ட்டே இல்லை என மூன்றாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். 2014-இல் வெளியான முடிவின்படி, 12 வாரம் கழித்து, பெல்ட் போடாதவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கவில்லை. ஆனால் வலியில் துடிக்கும் ஒருவரிடம், அதைவிட அவரைக் கூட்டிவந்த மகளிடம், ‘மூன்று மாதம் பொறுங்கள், சரியாகிவிடும்’ என்று சொல்லி அனுப்புவது எந்த மருத்துவருக்கும் எளிதல்ல. அடுத்து வந்ததெல்லாம் அந்தச் சங்கடத்திலிருந்து பிறந்ததுதான்.

1984-இல் பிரான்சின் அமியான் நகரில் பியேர் கலிபேர் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் ஹெர்வே தெராமோன் என்ற கதிரியக்க மருத்துவரும் ஒரு பெண்ணின் கழுத்தெலும்பைப் பார்த்தார்கள். ரத்தநாளக் கட்டி ஒன்று அதை உள்ளிருந்தே அரித்திருந்தது. செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தப் பயன்படும் அக்ரிலிக் சிமென்டை ஊசி வழியாக அந்தப் பொந்துக்குள் செலுத்தினார்கள். வலி போய்விட்டது. 1987-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். வெர்ட்டிப்ரோபிளாஸ்டி என்று பெயர் வந்தது. கட்டிக்காகத் தொடங்கிய உத்தி விரைவிலேயே எலும்புப்புரை முறிவுக்கும் போனது. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மேரி ஜென்சன் குழு 29 நோயாளிகளின் 47 முறிவுகளில் இதைச் செய்து, 26 பேருக்கு உடனடியாக வலி நன்றாகக் குறைந்தது என்று 1997-இல் அறிவித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை.

நோயாளி குப்புறப் படுப்பார். முதுகைச் சுத்தம் செய்து தோலிலும் எலும்பின் மேலுறையிலும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி, முள்ளெலும்பின் பின்பக்கக் காம்பு வழியாகத் தடித்த ஊசியைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி உள்ளே இறக்குவார்கள். பக்கத்து மேசையில் பொடியும் திரவமும் கலக்கப்படும். கலந்த நொடியிலிருந்தே காரமான அக்ரிலிக் நெடி அறையெங்கும் பரவும். திரையில் தெரிவதற்காக அதில் பேரியமும் சேர்ந்திருக்கும். கெட்டிப்படத் தொடங்கிய பக்குவத்தில் சில மில்லிலிட்டரைச் செலுத்திவிட்டுக் காத்திருந்தால், சிமென்ட் சூடேறி இறுகிவிடும். சில சமயம் எலும்பை மீறிக் கசியும். பெரும்பாலான கசிவுகளால் தொந்தரவில்லை. அரிதாக நரம்பை அழுத்தும், அதைவிட அரிதாக ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய்ச் சேரும்.

இதற்கிடையே கலிபோர்னியாவின் பெர்க்லி நகர எலும்பு மருத்துவர் மார்க் ரைலி, சிமென்டுக்கு முன்னால் ஒரு பலூனை உள்ளே விட்டு ஊதி, நசுங்கிய எலும்பைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். கைஃபோபிளாஸ்டி எனப்பட்ட இம்முறைக்கான கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1998-இல் அனுமதி தந்தது. அதை விற்ற கைஃபோன் நிறுவனத்தை 2007-இல் மெட்ரானிக் ஏறக்குறைய 390 கோடி டாலருக்கு வாங்கியது. அதே நாளில் வீடு திரும்பக்கூடிய நோயாளிகளையும் இரவு தங்கவைத்து அரசுக் காப்பீட்டில் கூடுதலாகப் பணம் பெற மருத்துவமனைகளைத் தூண்டியது என்ற குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள, மறு ஆண்டே அந்தப் பிரிவு 7.5 கோடி டாலர் கட்டியது. இவ்வளவு நடந்த பிறகும், இந்தச் சிகிச்சைகள் வேலை செய்கின்றனவா என்று முறையாகச் சோதித்த போலிச் சிகிச்சை ஆய்வு எதுவும் வெளிவந்திருக்கவில்லை.

வேலை செய்கிறதா என்று கேட்பதே அபத்தமாகத் தோன்றிய காலம் அது. சக்கர நாற்காலியில் வந்தவர் நடந்து திரும்புவதைத் தினமும் பார்க்கும் மருத்துவரிடம் ஆதாரம் கேட்டால் அவர் சிரிக்கத்தானே செய்வார்? ஆனால் அந்தக் காட்சிக்குள் பல விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. முறிவு தானாகவும் ஆறுகிறது. வலி ஏறி இறங்கும் சமாச்சாரம். உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் மருத்துவமனைக்குக் கிளம்புவார்கள், எனவே அடுத்த மாதம் அளந்தால் எதுவுமே செய்யாவிட்டாலும் சராசரி இறங்கித்தான் இருக்கும். மரத்துப்போகும் ஊசிக்கும் அதன் பங்கு உண்டு. இத்தனைக்கும் மேல் பெரிய எந்திரம், பச்சைச் சட்டைக்காரர்கள், அக்ரிலிக் நெடி, ‘இனி வலிக்காது பாருங்கள்’ என்ற நம்பிக்கையான குரல். இவற்றில் சிமென்டின் பங்கு எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

பிரிப்பதற்கு ஒரே வழி, சிமென்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்வது. மருத்துவத்தில் இது புதிதல்ல. 1959-இல் சியாட்டிலின் லெனார்ட் கோப், நெஞ்சுவலிக்காக மார்புத் தமனியைக் கட்டும் அறுவை சிகிச்சையை 17 பேரிடம் சோதித்தார். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார். இரு தரப்பினருக்கும் ஒரே மாதிரி நெஞ்சுவலி குறைந்தது; அந்த அறுவை சிகிச்சை வழக்கொழிந்தது. 2002-இல் ஹூஸ்டனின் புரூஸ் மோஸ்லி, மூட்டுத் தேய்மானத்துக்கான உள்நோக்கிச் சிகிச்சையையும் இப்படிச் சோதித்து, போலியைவிட அது மேலானதல்ல என்று காட்டினார். ஆனாலும் மயக்கத்திலும் கீறலிலும் முடியும் ‘போலி’ ஒன்றை நோயாளிக்குச் செய்வது அறமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழும். பயனற்ற ஒன்றை லட்சக்கணக்கானவர்களுக்கு ஆண்டாண்டுக்குச் செய்வதைவிட நூறு பேருக்கு, அவர்கள் சம்மதத்தோடு, ஒருமுறை செய்வது நேர்மையானது என்பதே என் எண்ணம்.

மேயோ மருத்துவமனையின் டேவிட் கால்ம்ஸ் சிமென்ட்காரர். வருடக்கணக்காக இந்த ஊசியைப் போட்டவர். தவறுதலாக வேறு எலும்பில் சிமென்ட் போய்விட்ட நோயாளிகளும் நலமாகி எழுந்ததே தன்னை யோசிக்கவைத்தது என்று பின்னாளில் பேசியிருக்கிறார். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் அவர் நடத்திய ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. 250 பேர் என்பது முதல் திட்டம். 1800-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசீலித்தும் சேர்ந்தது 131 பேர்தான். கண்ணெதிரே சிகிச்சை கிடைக்கும்போது குலுக்கலில் போலியை வாங்கிக்கொள்ள யார் முன்வருவார்கள்?

போலியை எவ்வளவு கவனமாக அரங்கேற்றினார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். நோயாளி அதே அறைக்கு வருவார், அதே மேசையில் குப்புறப் படுப்பார். எல்லோருக்கும் எலும்பு மேலுறை வரை மரத்துப்போகும் ஊசி. அதுவரை மருத்துவருக்கே தெரியாது, இவர் எந்தக் குழு என்று. அதன்பிறகே குழுவைச் சொல்லும் கடித உறை பிரிக்கப்படும். போலிக் குழு என்றால் முதுகை அழுத்துவார்கள், வழக்கமாகச் சொல்வதை எல்லாம் சொல்வார்கள், சிமென்டின் திரவக் குப்பியை மட்டும் திறந்து நெடியை அறையில் பரவவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து ‘உங்களுக்கு எது கிடைத்தது’ என்று கேட்டபோது, சிமென்ட் குழுவில் சரியாகச் சொன்னவர்கள் 51 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும்.

2009 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வெளியானது. பத்துக்கு எவ்வளவு வலி என்ற அளவில் சிமென்ட் குழு 6.9-இலிருந்து ஒரு மாதத்தில் 3.9-க்கு இறங்கியிருந்தது. அருமையான குறைவு. ஆனால் போலிக் குழுவும் 7.2-இலிருந்து 4.6-க்கு வந்திருந்தது. இடைவெளி, தற்செயலாக வரக்கூடிய அளவுக்குள்தான். அன்றாட வேலைகளைச் செய்வதிலும் வித்தியாசமில்லை. அதே இதழில் இன்னொரு கட்டுரை: மெல்போர்னில் மூட்டுநோய் மருத்துவர் ரேச்சல் புக்பைண்டர் 78 பேரிடம் தனியாகச் செய்த ஆய்வு. அவருடைய போலியில் ஊசி எலும்பையே தொட்டது. மழுங்கிய முனையால் மெல்லத் தட்டினார்கள், சிமென்ட் நெடியும் உண்டு. அங்கும் பலன் இல்லை.

பிறகு கிளம்பிய கோபத்தைச் சொல்லிமுடியாது. அதில் தொழில் ஆற்றாமையும் இருந்தது, நியாயமும் இருந்தது. நியாயமானவற்றையே எடுத்துக்கொள்வோம். இரு ஆய்வுகளிலும் ஓராண்டு பழைய முறிவுகள் வரை சேர்க்கப்பட்டன; ஆறிப்போன எலும்பில் சிமென்ட் என்ன செய்யும்? கால்ம்ஸ் ஆய்வில் பத்துக்கு 3 வலி இருந்தாலே சேரலாம், எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் கட்டாயமில்லை. வலி 30 சதவீதமாவது குறைந்தவர்கள் என்று பார்த்தால் சிமென்ட் குழுவில் 64 சதவீதம், போலியில் 48. இன்னும் ஆள் சேர்த்திருந்தால் இது உறுதியான வித்தியாசமாகியிருக்குமோ? மாற்றுச் சிகிச்சை கேட்டுக்கொள்ளலாம் என்ற சலுகை ஒரு மாதத்துக்குப் பிறகு இருந்தது. போலிக் குழுவில் மிகப் பலர் அதைக் கேட்டார்கள், சிமென்ட் குழுவில் சிலரே. தமக்கு எது கிடைத்தது என்று தெரியாதவர்கள் ஏன் இப்படிப் பிரிந்து நின்றார்கள் என்பதற்கு இன்றுவரை யாரும் நிம்மதியான பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு கூர்மையான வாதம், எலும்பு மேலுறையில் மருந்து செலுத்துவதே ஒரு சிகிச்சைதானே, அதைப் போலி என்பது எப்படிப் பொருந்தும் என்பது.

சிமென்டுக்கு ஆதரவாகக் காட்டப்பட்டவை பெரும்பாலும் திறந்த ஆய்வுகள். யாருக்கு என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மெட்ரானிக் நிதியில் 300 பேரிடம் நடந்த கைஃபோபிளாஸ்டி ஆய்வு அத்தகையது, 2009-இலேயே வந்தது. 202 பேரை வைத்து நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த வெர்டோஸ்-2 அத்தகையதே, 2010. இந்த இரண்டாவதில் சிமென்ட் தெளிவாக வென்றது. ஆனால் அந்தக் கட்டுரையில் என்னைக் கவர்ந்தது வெற்றியல்ல, ஓரமாகச் சொல்லப்பட்ட ஒரு கணக்கு. தகுதி பெற்றிருந்த 431 பேரில் 229 பேர் குலுக்கலுக்கே வரவில்லை. பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்த அந்தச் சில நாட்களிலேயே அவர்களுடைய வலி தானாக அடங்கிவிட்டது! பரிசோதனை தேதி கொஞ்சம் முந்தியிருந்தால் அந்த 229 பேருக்கும் ஊசி போட்டு, சிமென்டின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

புதிய முறிவு, கடும் வலி என்று வடிகட்டி எடுத்தால் என்ன ஆகும்? இரண்டு பேர் சோதித்தார்கள், இரண்டு விடை கிடைத்தது. சிட்னியில் வில்லியம் கிளார்க் நடத்திய வேப்பர் ஆய்வில் ஆறு வாரத்துக்கு உட்பட்ட முறிவு, பத்துக்கு 7-க்குக் குறையாத வலி உடைய 120 பேர்; பாதிக்கு மேல் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள். பதினான்காம் நாளில் வலி 4-க்குக் கீழே வந்தவர்கள் சிமென்ட் குழுவில் 44 சதவீதம், போலியில் 21. 2016-இல் லான்செட்டில் வந்தது. நிதி தந்தது சிமென்ட் கருவி விற்ற கேர்ஃப்யூஷன். நோயாளிகளில் பெரும்பாலோர் ஒரே மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். இரு ஆண்டு கழித்து நெதர்லாந்தின் வெர்டோஸ்-4, நான்கு மருத்துவமனைகளில் 180 பேர், முறிவு பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள், கவனமாக அமைத்த போலி. வித்தியாசம் இல்லை. இரு குழுவிலும் வலி ஒருசேரச் சரிந்தது. இங்கே ஒரு நுட்பம்: சிட்னியின் போலி ஊசி தோலுக்கடியில் நின்றது, நெதர்லாந்தினர் மரத்துப்போகும் மருந்தை எலும்பு மேலுறை வரை கொண்டுபோனார்கள். அந்த ‘போலியே சிகிச்சை’ வாதத்துக்கு இது தீனி போட்டது. பிறகு 2023-இல் வெர்டோஸ்-5 வந்து கணக்கை இன்னும் குழப்பியது. மூன்று மாதத்துக்கு மேல் ஆறாமல் வலிக்கும் 80 பேரிடம், மேலுறை ஊசியைவிட சிமென்ட் ஓராண்டு முடிவில் வலியைக் கூடுதலாகக் குறைத்திருந்தது. பழைய முறிவில் சிமென்ட் பயனற்றது என்று 2009-இல் சொன்ன அதே தரப்புக்கு இப்போது பழைய முறிவே துணைக்கு வந்தது.

சங்கங்களும் அரசுகளும் இந்தக் குழப்பத்தில் ஆளுக்கொரு பக்கம் போயின. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் சங்கம் 2010-இல் வெர்ட்டிப்ரோபிளாஸ்டி வேண்டாம் என்று உறுதியாகப் பரிந்துரைத்தது. ஆஸ்திரேலிய அரசு 2011-இல் பொதுநிதியை நிறுத்திவிட்டு, 2020-இல் புதிய முறிவுகளுக்கு மட்டும் மீண்டும் தரத் தொடங்கியது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல், மருந்துக்கு அடங்காத கடும் வலிக்கு மட்டும் ஒரு வழியாக ஏற்றுக்கொண்டது. கோக்ரேன் தொகுப்பு 2018-இல், வழக்கமான சிகிச்சையாகச் செய்ய ஆதாரம் இல்லை என்றது. அதன் முதன்மை ஆசிரியர் புக்பைண்டர்தான் என்பதை எதிர்த்தரப்பு மறக்காமல் சுட்டிக்காட்டியது.

என் கணிப்பு இது. எல்லோருக்கும் பொதுவான சிகிச்சையாக சிமென்ட் தோற்றுவிட்டது. அந்தக் கதவு திறப்பது கடினம். எம்.ஆர்.ஐ.யில் எலும்பு இன்னும் வீங்கியிருக்க, மாத்திரைகளால் எழுந்து உட்காரக்கூட முடியாமல் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு அது உதவக்கூடும் என்பதை மறுக்கவும் என்னிடம் காரணமில்லை, ஏனென்றால் அவரைப் போன்றவர் பெரும்பாலான ஆய்வுகளுக்குள் வந்ததே இல்லை. அவருக்கு ஊசி போடலாமா என்பதை அவரிடமும் குடும்பத்திடமும் நிச்சயமின்மையையும் சேர்த்துச் சொல்லித்தான் முடிவெடுக்கவேண்டும். ‘போட்டால் நாளைக்கே நடப்பார்’ என்று சொல்லும் மருத்துவர் அதை அப்படிச் சொல்லக்கூடாது.

இந்தச் சண்டையில் இரு தரப்புமே அதிகம் பேசாத விஷயம் ஒன்றிருக்கிறது. ஒரு முறிவு வந்தவருக்கு அடுத்தது வருவது எவ்வளவு சீக்கிரம் என்பதை ராபர்ட் லிண்ட்சே குழு 2001-இல் கணக்கிட்டது: ஐந்தில் ஒருவருக்கு, ஓராண்டுக்குள். சிமென்ட் ஏறியதோ இல்லையோ, மற்ற எலும்புகள் அதே மெலிவோடுதான் இருக்கின்றன. இங்கே, எலும்பை வலுப்படுத்தும் மருந்துகளின் ஆய்வுகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கின்றன. ஏற்கெனவே முறிவு இருந்த 2027 பெண்களுக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ வெற்று மாத்திரையோ கொடுத்துப் பார்த்தபோது, மூன்றாண்டில் புதிய முறிவு 15 சதவீதத்திலிருந்து 8 ஆகியது, அது 1996. தினமும் ஊசியாகப் போடும் டெரிபாராடைடு 2001-இல் 14-ஐ 5 ஆக்கியது. ஆண்டுக்கு ஒருமுறை சொட்டுமருந்தாக ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் 7,700-க்கும் மேற்பட்டவர்களிடம் மூன்றாண்டில் 10.9-ஐ 3.3 ஆக்கியது, அது 2007.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அலெண்ட்ரோனேட்டும் சோலெட்ரானிக் அமிலமும் நிறுத்திய பிறகும் எலும்பில் கொஞ்ச காலம் தங்கியிருக்கும். இது அப்படித் தங்காது. தவணை தப்பினால் அடக்கிவைத்திருந்த எலும்புத் தேய்மானம் முன்னைவிட வேகமாகத் திரும்பிவந்து, சில மாதங்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஊர் மாறும்போதும், பல் பிடுங்கப் போகும்போதும், ‘கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமே’ என்று யாராவது சொல்லும்போதும், மாற்று மருந்து எது என்று முதலில் எழுதிவாங்கிக்கொள்ள வேண்டும்.